நிக்கானை விட்டு சோனிக்கு மாறலாமா? ஒரு பறவைப் படக்காரரின் நிகழ்வு ஆய்வு

சென்னையில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும், ஐம்பது வயதை நெருங்கும் நண்பர் ஒருவர், 2024 மழைக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன்பு ஒரு யோசனை கேட்டார். விடுமுறை நாட்களில் பள்ளிக்கரணை, கேளம்பாக்கம், பருவம் வந்துவிட்டால் வேடந்தாங்கல், கரிக்கிலி என்று பறவைப் படம் எடுக்கப் போகிறவர் அவர். கையிலிருக்கும் நிக்கான் கருவிகள் அனைத்தையும் விற்றுவிட்டு சோனிக்கு மாறிவிட முடிவு செய்திருந்தார்; விற்பதற்கு முன் ஒருமுறை பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார். கேமரா நிறுவனத்தை மாற்றலாமா என்ற கேள்வி பொழுதுபோக்காகப் படம் எடுப்பவர்களிடம் அடிக்கடி எழுவதாலும், அதற்குக் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் பதில் சொல்பவரின் கையில் இருக்கும் கேமராவைப் பொறுத்தே அமைவதாலும், இந்த ஒரு நிகழ்வை அவருடைய அனுமதியுடன் முழுமையாகப் பதிவு செய்கிறேன்.

அவரிடம் இருந்தவை இவை: 2015-இல் வெளிவந்த நிக்கான் டி7200 பாடி (லென்ஸ் இல்லாத கேமரா), அதனுடன் வந்த 18-140 லென்ஸ், 35 மி.மீ. எஃப் 1.8ஜி, ஒருவரிடமிருந்து கைமாற்றாக வாங்கிய பழைய 50 மி.மீ. எஃப் 1.8டி, மோட்டார் இல்லாத பழைய டாம்ரான் 90 மி.மீ. மேக்ரோ, இவை எல்லாவற்றையும்விட விலை கூடியதும் அவர் நாள் முழுக்கப் பயன்படுத்துவதுமான 200-500 மி.மீ. எஃப் 5.6. அவருடன் படம் எடுக்கப் போகும் நண்பர்களில் சிலர் சோனி ஏ7 ஃபோர் பாடிக்கும் 200-600 மி.மீ. லென்ஸுக்கும் மாறியிருந்தார்கள். அவர்களுடைய படங்களைத் தன் படங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்தான் இவருக்கு மனக்குறை தொடங்கியது.

அவர் சொன்ன குறைகள் மூன்று. படம் கூர்மையாக வரவில்லை; பறக்கும் பறவையில் ஃபோகஸ் நிற்பதில்லை; உள்ளே கண்ணாடி வைத்த நிக்கான் டிஎஸ்எல்ஆர் கேமராக்களுக்கு இனி எதிர்காலம் இல்லை. இந்த மூன்றும் மூன்று வெவ்வேறு பிரச்சினைகள் என்பதும், "சோனிக்கு மாறுவது" என்ற ஒரே பதில் மூன்றுக்கும் பொருந்துமா என்பதைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்பதும்தான் இந்த ஆய்வு முழுவதிலும் நான் பிடித்துக்கொண்ட நூல்.

கூர்மை எங்கே போகிறது

முதலில் அவருடைய கணினியில் இருந்த பழைய படங்களை, நல்லவற்றை விட்டுவிட்டு, அவர் ஒதுக்கித் தள்ளியவற்றிலிருந்து பார்க்கத் தொடங்கினோம். நம்மில் பெரும்பாலோர் தோற்ற படங்களை உடனே அழித்துவிடுகிறோம். அழிக்காமல் வைத்திருந்தது அவருடைய நல்ல பழக்கம். ஒவ்வொரு படத்திலும் பதிவாகியிருந்த ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு அளவு), நேரம் ஆகியவற்றைப் பார்த்தபோது முதல் காரணம் விரைவிலேயே தெரிந்துவிட்டது. ஆட்டோ ஐஎஸ்ஓவின் உச்சவரம்பை அவர் 800 என்று வைத்திருந்தார். படத்தில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் வந்துவிடும் என்ற பழைய அச்சம் அது. ஒளி குறைந்த காலை வேளையில் ஐஎஸ்ஓ 800-ஐத் தாண்ட முடியாமல் போனதும், கேமரா ஷட்டர் வேகத்தை நொடியில் 400-இல் ஒரு பங்குக்கும் கீழே இறக்கிக்கொண்டிருந்தது. லென்ஸில் உள்ள அதிர்வுத் தடுப்பு நம் கை ஆட்டத்தைத்தான் ஈடு செய்யும். தலையைத் திருப்பும் நாரையின் அசைவை அது நிறுத்தாது. அமர்ந்திருக்கும் பறவைக்கே நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு பாதுகாப்பானது என்றால், பறக்கும் ஆலாவுக்கு இரண்டாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் தேவைப்படும். டி7200-இன் சென்சார் ஐஎஸ்ஓ 3200 வரை தாராளமாகத் தாங்கும். லைட்ரூமில் 2023-இல் வந்த டினாய்ஸ் வசதியைப் போன்ற மென்பொருள்கள் இருக்கும் இன்றைய நிலையில், நாய்ஸைப் பின்னால் குறைத்துக்கொள்ளலாம். அசைவினால் வந்த மங்கலைச் சரிசெய்ய வழியில்லை.

இரண்டாவது காரணம் நேரம். ஒன்பது மணிக்கு மேல் நீர்ப்பரப்பின் மீது எடுத்த படங்களில் மங்கல் ஒரே சீராக இல்லை; அடுத்தடுத்து எடுத்த படங்களிலேயே ஒன்றில் அலகு நெளிந்திருக்கும், இன்னொன்றில் கால் நெளிந்திருக்கும். வெயிலேறிய பிறகு காற்றில் எழும் வெப்ப அலைகளின் வேலை இது. எந்த நிறுவனத்தின் எந்த லென்ஸும் இதைத் தாண்டிப் பார்க்க முடியாது. லென்ஸின் குவியத் தொலைவு (மி.மீ. எண்) கூடக்கூட நெளிவும் சேர்ந்தே பெரிதாகும்.

இந்த இரண்டையும் கழித்த பிறகும், ஒளி நன்றாக இருந்து, ஷட்டர் வேகமும் போதுமானதாக இருந்து, பறவை அசையாமல் நின்றும் மங்கலாகிப்போன படங்கள் கணிசமாக மிஞ்சின. அவற்றில் பறவையின் கண் மங்கலாகவும் அதற்குப் பின்னால் இருந்த கோரைப் புல் கூர்மையாகவும் இருந்தன. ஒரே திசையில் திரும்பத் திரும்ப நிகழும் இப்படிப்பட்ட பிழை கைத்தவறாக இருக்க வாய்ப்பு குறைவு.

டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸ் பார்ப்பது ஒரு சென்சார், படம் பிடிப்பது இன்னொரு சென்சார். லென்ஸ் வழியாக வரும் ஒளியில் ஒரு பகுதி, பாதி ஒளி ஊடுருவும் முதன்மைக் கண்ணாடியைக் கடந்து, அதன் பின்னால் உள்ள சிறு கண்ணாடியில் பட்டு, கேமராவின் அடிப்பகுதியில் இருக்கும் ஃபோகஸ் சென்சாருக்குப் போகிறது. இந்தப் பாதையின் நீளமும் படச் சென்சாருக்குப் போகும் பாதையின் நீளமும் இம்மியளவு வேறுபட்டாலும், கேமரா "ஃபோகஸ் சரி" என்று சொல்லும் இடம் ஒன்றாகவும், உண்மையில் கூர்மையாக இருக்கும் இடம் வேறாகவும் போய்விடும். 500 மி.மீ. லென்ஸில் ஆழப்புலம் (கூர்மையாகத் தெரியும் தொலைவின் வரம்பு) மிகக் குறைவு என்பதால் இந்தப் பிசகு அப்பட்டமாகத் தெரியும்.

அதிகாலையில், வெயில் ஏறுவதற்கு முன், அவர் வீட்டு மொட்டை மாடியில் சோதித்தோம். கைப்பிடிச் சுவரில் ஒரு நாளிதழ்ப் பக்கத்தை ஒட்டி, அதன் அருகே ஓர் அளவுகோலைச் சாய்த்து வைத்து, மாடியின் மறுமுனையில் முக்காலியில் கேமராவை நிறுத்தி, 500 மி.மீ.-இல், எஃப் 5.6-இல், முதலில் பின்திரையில் பார்த்து எடுக்கும் லைவ் வியூவிலும் பிறகு கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் வழியாகவும் ஃபோகஸ் செய்து எடுத்தோம். லைவ் வியூவில் ஃபோகஸ் படச் சென்சாரிலேயே கணக்கிடப்படுவதால் பாதை வேறுபாடு என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. லைவ் வியூ படத்தில் நாளிதழின் பொடி எழுத்துகள்கூடத் தெளிவாக இருந்தன. வியூஃபைண்டர் படத்தில் எழுத்துகள் கரைந்திருக்க, அளவுகோலில் தாளுக்குப் பின்னால் இருந்த கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. லென்ஸ் நன்றாக இருக்கிறது, ஃபோகஸ் பின்னால் விழுகிறது என்பது அந்த இரண்டு படங்களிலேயே உறுதியாயிற்று. டி7200-இன் மெனுவில் ஏஎஃப் ஃபைன் டியூன் என்ற வசதி இருக்கிறது. கூட்டல் 20 முதல் கழித்தல் 20 வரை திருத்தலாம். ஃபோகஸைக் கேமராவை நோக்கி முன்னால் இழுக்கக் கழித்தல் பக்கம் போக வேண்டும். படிப்படியாகக் குறைத்து, வியூஃபைண்டர் படமும் லைவ் வியூ படமும் ஒத்துப்போன இடத்தில் நிறுத்தினோம். இந்தக் கேமரா ஒரு லென்ஸுக்கு ஒரு மதிப்பைத்தான் நினைவில் வைக்கும் என்பதால், அவர் அதிகம் பயன்படுத்தும் 500 மி.மீ. முனைக்கே அதை ஒதுக்கினோம்.

சோனி ஏ7 ஃபோர் போன்ற, உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களில் இந்தப் பிழை ஏறக்குறைய இல்லை. ஃபோகஸ் பார்ப்பதும் படம் பிடிப்பதும் ஒரே சென்சார். சோனிக்கு மாறிய நண்பர்களின் படங்கள் உடனே கூர்மையானதற்கு இது ஒரு முக்கியக் காரணமாக இருந்திருக்கும் என்றே கருதுகிறேன். ஆனால் அந்தப் பெருமை மிரர்லெஸ் அமைப்புக்கு உரியது; அதைச் சோனி என்ற பெயருக்கு மட்டும் எழுதி வைத்துவிட்டார்கள்.

வாடகைக்கு எடுத்துப் பார்த்ததில்

வாங்குவதற்கு முன் வாடகைக்கு எடுத்துப் பார்ப்பதை நான் எப்போதும் வலியுறுத்துவேன். வார இறுதிக்கு ஏ7 ஃபோரும் 200-600-உம் வாடகைக்கு வந்தன. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில், ஒரே மரக்கட்டையில் அமர்ந்திருந்த வெண்மார்பு மீன்கொத்தியை இரண்டு கேமராக்களிலும் மாறி மாறி எடுத்தார்.

அவர் எதிர்பார்த்தது, ஏ7 ஃபோரில் உள்ள ஃபுல் ஃபிரேம் என்ற பெரிய சென்சாரும் 100 மி.மீ. கூடுதல் நீளமும் சேர்ந்து மீன்கொத்தியைப் பெரிதாகவும் தெளிவாகவும் காட்டும் என்பது. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. மீன்கொத்தி சுமார் 28 செ.மீ. நீளம், 30 மீட்டர் தொலைவில் 500 மி.மீ. லென்ஸ் அதைச் சென்சாரின் மீது ஏறத்தாழ 4.7 மி.மீ. அளவில் வரையும். டி7200-இன் சிறிய சென்சாரில் 24 மெகாபிக்சல்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பதால், அந்த 4.7 மி.மீ.-க்குள் ஏறத்தாழ 1,190 பிக்சல்கள் அடங்கும். சோனியில் 600 மி.மீ. லென்ஸ் அதே பறவையை 5.6 மி.மீ. அளவில் வரைந்தாலும், 33 மெகாபிக்சல்கள் பெரிய சென்சாரில் பரவிக் கிடப்பதால் பறவைக்குக் கிடைப்பவை ஏறத்தாழ 1,090 பிக்சல்கள்தான். மூன்றரை லட்சத்துக்கு மேல் செலவழித்து, தொலைவில் இருக்கும் பறவைக்கு முன்பைவிடச் சற்றுக் குறைவான பிக்சல்களைப் பெறுவது அவரை உண்மையிலேயே திகைக்க வைத்தது.

நாய்ஸ் குறித்த எதிர்பார்ப்பும் இதே வகையைச் சேர்ந்தது. ஃபுல் ஃபிரேம் சென்சாரின் பரப்பு, டி7200-இல் உள்ள சிறிய ஏபிஎஸ்-சி சென்சாரைப்போல இரண்டேகால் மடங்கு என்பது உண்மை. ஆனால் அந்தப் பரப்பு முழுவதையும் காட்சி நிரப்பினால்தான் அந்தப் பயன் கிடைக்கும். பறவை நடுவில் சிறிதாக இருக்க, சுற்றிலும் வெட்டி எறியப்போகிறோம் என்றால், வெட்டி எறியும் பகுதியில் விழுந்த ஒளியால் பறவைக்கு ஒன்றும் வருவதில்லை. பறவையிலிருந்து வரும் ஒளியில் எவ்வளவை லென்ஸ் உள்ளே வாங்குகிறது என்பதை அதன் திறப்பின் விட்டம் தீர்மானிக்கிறது. குவியத் தொலைவை எஃப் எண்ணால் வகுத்தால் அந்த விட்டம் கிடைக்கும்: நிக்கான் லென்ஸின் 500-ஐ 5.6-ஆல் வகுத்தால் 89 மி.மீ.; சோனி லென்ஸின் 600-ஐ 6.3-ஆல் வகுத்தால் 95 மி.மீ. பரப்பில் சோனி லென்ஸுக்குச் சுமார் 14 விழுக்காடு கூடுதல். ஒரு ஸ்டாப்பில் (ஒளி இரு மடங்காகும் ஒரு படியில்) ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. புதிய சென்சாரின் மேம்பாட்டையும் சேர்த்துக்கொண்டால் கொஞ்சம் கூடும். நிலக்காட்சி எடுப்பவருக்கும், அருகில் நின்று மனிதர்களை எடுப்பவருக்கும் ஃபுல் ஃபிரேம் தரும் ஆதாயம் இதைவிட எத்தனையோ மடங்கு பெரிது. தொலைதூரப் பறவைக்கு அது வந்து சேர்வதில்லை.

எடையிலும் பெரிய வேறுபாடு இல்லை. பாடியும் லென்ஸும் சேர்ந்தால் இரண்டு பக்கமும் மூன்று கிலோவை ஒட்டித்தான் வருகிறது.

இனி சோனி தெளிவாக வென்ற இடம். கேளம்பாக்கத்தில் நீருக்கு மேல் வளைந்து வளைந்து பறந்த மீசை ஆலாக்களை எடுத்தபோது, ஏ7 ஃபோர் பறவையின் கண்ணைத் தேடிப் பிடித்து, அது ஃபிரேமின் மூலைக்குப் போனாலும் விடாமல் தொடர்ந்தது. டி7200-இல் 51 ஃபோகஸ் புள்ளிகள் இருந்தாலும் அவை நடுப்பகுதியில் குவிந்திருப்பவை. பறவை அந்த வட்டத்தை விட்டு வெளியே போனால் ஃபோகஸ் பின்னணிக்குத் தாவிவிடும். ஏ7 ஃபோரின் ஃபோகஸ் பரப்பு ஃபிரேமில் 94 விழுக்காட்டை மூடுகிறது. பறக்கும் பறவைப் படங்களில் தேறியவற்றின் விகிதம் சோனியில் மிகத் தெளிவாகவே கூடுதலாக இருந்தது. இதை மறுப்பவர்கள் இரண்டையும் பயன்படுத்திப் பார்க்காதவர்கள் என்றுதான் சொல்வேன்.

ஆனால் ஒப்பிடப்பட்டவை 2015-இன் கேமராவும் 2021-இன் கேமராவும். இடையில் இருக்கும் ஆறு ஆண்டுகளின் வேறுபாட்டை நிக்கானுக்கும் சோனிக்கும் உள்ள வேறுபாடாக எடுத்துக்கொள்வதுதான் இந்த விவாதங்களில் நடக்கும் பெரும்பிழை. 2020-இல் கேனன் ஆர்5, ஆர்6 கேமராக்களும், 2021-இல் நிக்கான் இசட்9-உம் பறவைகளைக் கண்டறிந்து தொடரும் ஃபோகஸுடன் வந்துவிட்டன. அவர் கேட்க வேண்டிய கேள்வி, இந்தப் புதிய ஃபோகஸ் வசதியைத் தன்னிடம் இருக்கும் லென்ஸ்களோடு எப்படிப் பெறுவது என்பது.

மவுன்ட்டின் ஆயுள்

அவருடைய மூன்றாவது குறை பொய்யில்லை. லென்ஸைப் பாடியில் பொருத்தும் அமைப்பைத்தான் மவுன்ட் என்கிறோம்; 1959-இல் தொடங்கிய நிக்கான் எஃப் மவுன்ட்டில் 2020-க்குப் பிறகு புதிய டிஎஸ்எல்ஆர் எதுவும் வரவில்லை. 2018-இல் வந்த இசட் மவுன்ட்டில்தான் நிறுவனத்தின் உழைப்பெல்லாம் போகிறது. ஆனால் ஒரு மவுன்ட் ஓய்வு பெறுவதில் பல வகை உண்டு. 1987-இல் கேனன் எஃப்டி மவுன்ட்டைக் கைவிட்டு இஎஃப் மவுன்ட்டுக்குப் போனபோது, பழைய லென்ஸ்களை, உள்ளே லென்ஸ் கண்ணாடி வைத்த அடாப்டர் (இணைப்பு வளையம்) இல்லாமல் புதிய பாடியில் மாட்டித் தொலைதூரக் காட்சிகளுக்கு ஃபோகஸ் செய்ய முடியாமல் போனது; எஃப்டி லென்ஸ்களைச் சேர்த்து வைத்திருந்தவர்களுக்கு அது உண்மையான இழப்பு. சாம்சங்கின் என்எக்ஸ், நிக்கானின் சொந்தத் தயாரிப்பான நிக்கான் 1 ஆகியவை வாரிசே இல்லாமல் நின்றுபோயின. இதற்கு மாறாக, ஒலிம்பஸ் தன் கேமராப் பிரிவைக் கைமாற்றப் போவதாக 2020 ஜூனில் அறிவித்தபோது அதன் சிறிய சென்சார் கேமராக்களின் மவுன்ட்டான மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் முடிந்தது என்று பலர் எழுதினார்கள். 2022-இல் அதே மவுன்ட்டில் ஓஎம்-1 கேமரா வந்தது.

எஃப் மவுன்ட்டின் நிலை இவற்றில் எதனோடும் சேராது. சென்சாருக்கும் மவுன்ட்டுக்கும் உள்ள இடைவெளி எஃப் மவுன்ட்டில் 46.5 மி.மீ., இசட் மவுன்ட்டில் 16 மி.மீ. நடுவில் கிடைக்கும் 30.5 மி.மீ.-இல் லென்ஸ் கண்ணாடி எதுவும் இல்லாத அடாப்டர் ஒன்று வசதியாக அமர்ந்துவிடுகிறது, அதுதான் எஃப்டிஇசட். லென்ஸுக்குள்ளேயே ஃபோகஸ் மோட்டார் இருந்தால் அது அடாப்டரிலும் தானாகவே ஃபோகஸ் செய்யும். நண்பரின் 200-500, 35 மி.மீ., 18-140 மூன்றும் இந்த வகை. 50 மி.மீ. டி லென்ஸும் பழைய டாம்ரான் மேக்ரோவும் பாடியில் உள்ள மோட்டாரின் திருகு முனையை நம்பியிருப்பவை; எஃப்டிஇசட்டில் அந்தத் திருகு இல்லாததால் அவற்றுக்குக் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். வண்டுகளையும் தட்டான்களையும் நெருங்கி எடுக்கும்போது, ஆட்டோஃபோகஸை நிறுத்திவிட்டு உடலை முன்னும் பின்னும் நகர்த்தி ஃபோகஸ் செய்வதே அவர் வழக்கம் என்பதால் மேக்ரோவில் இழப்பில்லை. உண்மையில் இழந்தது, அவர் எப்போதாவது எடுக்கும் 50 மி.மீ. மட்டும்.

பணக்கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஏறத்தாழ ஒரு லட்சம் கொடுத்து வாங்கிய 200-500-க்குப் பழைய கேமரா வாங்கும் கடையில் அதில் பாதிகூடத் தரவில்லை. டி7200-க்குச் சொன்ன விலை அதைவிட வருத்தமளித்தது. எல்லாவற்றையும் விற்றாலும் சோனி பாடியும் பறவை லென்ஸும் வாங்குவதற்கே பெருந்தொகை கையிலிருந்து போட வேண்டியிருக்கும். அதன் பிறகு மேக்ரோ, சிறிய லென்ஸ், கூடுதல் பேட்டரி என்று மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

எடுத்த முடிவும் அதன் பிறகும்

அந்தப் பருவம் முழுவதும் இருந்த கேமராவையே பயன்படுத்துவது என்று முடிவாயிற்று. ஃபோகஸ் திருத்தம், ஐஎஸ்ஓ உச்சவரம்பு 3200, ஒன்பது மணிக்கு மேல் தொலைதூரப் பறவைகளை எடுக்காமல் விடுவது ஆகிய மூன்று மாற்றங்கள் மட்டும். வேடந்தாங்கலில் அவர் எடுத்த கரண்டிவாயன், சங்குவளை நாரைப் படங்களில் இறகின் நரம்புகள் தனித்தனியாகத் தெரிந்தன. அமர்ந்திருக்கும் பறவைகளைப் பொறுத்தவரை மாறும் எண்ணம் அவருக்கு அப்போதே போய்விட்டது. பறக்கும் பறவைகள் குறித்த குறை அப்படியே இருந்தது. அது நியாயமான குறைதான்.

2024 நவம்பரில் நிக்கான் இசட்50 டூ அறிவிக்கப்பட்டது. ஏபிஎஸ்-சி சென்சார், இசட்9-இல் இருக்கும் அதே எக்ஸ்பீட் 7 செயலி, பறவைக்கெனத் தனி ஃபோகஸ் முறை. பருவம் முடிந்த பிறகு அதையும் எஃப்டிஇசட் அடாப்டரையும் சேர்த்து ஒரு லட்சத்தை ஒட்டிய செலவில் வாங்கினார். பழையவை எதையும் விற்கவில்லை.

பறக்கும் ஆலாக்கள் இப்போது அவருக்குக் கிடைக்கின்றன. ஏ7 ஃபோரை வாடகைக்கு எடுத்தபோது கிடைத்த விகிதத்துக்கு நெருக்கமாகவே கிடைக்கின்றன. ஆனால் குறைகளும் உண்டு, அவற்றை மறைக்க வேண்டியதில்லை. டி7200 ஒரு பேட்டரியில் சுமார் 1,100 படங்கள் எடுக்கும் என்பது நிறுவனக் கணக்கு. புதியதில் அதன் கால்பங்கைக்கூட எதிர்பார்க்க முடியாது, பேட்டரி வகையும் வேறு என்பதால் பழையவை உதவாது. இரண்டு கார்டு இடங்கள் இருந்த இடத்தில் இப்போது ஒன்றுதான். இரண்டு கிலோவுக்கு மேல் எடையுள்ள லென்ஸின் பின்னால் அடாப்டரும் சிறிய பாடியும் சேரும்போது கைப்பிடி அவருக்குப் போதவில்லை. ஓசையில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்த ஆலாக்களின் இறக்கைகள் வளைந்து விழுந்தன. சென்சார் வரிவரியாகப் படிக்கப்படும் வேகம் போதாததால் வரும் கோளாறு இது. பறக்கும் பறவைகளுக்கு மெக்கானிக்கல் ஷட்டரையே வைத்துக்கொள்ளும்படி சொன்னேன்.

இதே கேள்வியை வேறொருவர் கேட்டிருந்தால் என் பதில் மாறியிருக்கக்கூடும். பாடியும் அதனுடன் வந்த ஒரு லென்ஸும் மட்டும் வைத்திருப்பவருக்கு, விட்டுப் பிரிய வேண்டிய அமைப்பு என்று ஒன்று இல்லவே இல்லை. கையில் எது நன்றாக உட்காருகிறதோ, அவர் எடுக்க விரும்பும் படத்துக்கான லென்ஸ் எந்த மவுன்ட்டில் கட்டுப்படியான விலையில் கிடைக்கிறதோ, அதை அவர் தாராளமாக வாங்கலாம். தோள்வலியாலும் கழுத்துவலியாலும் மூன்று கிலோவைத் தூக்க முடியாமல் படம் எடுப்பதையே குறைத்துக்கொண்டவர் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸுக்கு மாறுவதை நான் முழு மனதோடு ஆதரிப்பேன். பைக்குள்ளேயே தங்கிவிடும் பெரிய சென்சாரைவிட, நடந்துபோய் எடுக்கும் சிறிய சென்சார் மேல். திருமணப் படம் எடுத்துப் பிழைப்பவரின் கணக்கோ வேறு. போட்ட பணம் அவருக்குத் தொழிலில் திரும்பி வரும்.

நண்பரின் பார்வை இப்போது நிக்கான் இசட் 180-600 லென்ஸின் மீது இருக்கிறது. அடாப்டர் தேவைப்படாது, ஜூம் செய்யும்போது நீளாது, அதே மீன்கொத்திக்கு 1,320 பிக்சல்களுக்கு மேல் தரும் என்பதால் அது நியாயமான ஆசைதான். ஆனால் அதன் திறப்பு விட்டமும் 95 மி.மீ. என்பதால் ஒளியில் பெரிய ஆதாயம் இருக்காது. அதை டி7200-இல் மாட்டவும் முடியாது. டி7200-இன் ஷட்டர் ஒன்றரை லட்சம் முறை வரை சோதிக்கப்பட்டது. அவருடைய கேமரா அந்த எண்ணிக்கைக்கு இன்னும் வெகு கீழேதான் இருக்கிறது. அந்தப் பாடி வேலை செய்யும் வரை 200-500-ஐ விற்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். 180-600-ஐ வாங்குவதற்கு முன், அதையும் ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்துப் பார்ப்பதாக அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.